என்8என் சர்வர்: பாத்துட்டே இருந்தா ஓடுது, மூடிட்டுப் போனா ஓடல. அவசரம்

பில்பிரிவு | வெள்ளி காலை 10:12
எல்லாருக்கும் வணக்கம். என்8என்னை (வேலைகளைத் தானா ஓட்டற ஆட்டோமேஷன் மென்பொருள்) கிளவுட்ல ஏத்தி 10 நாள் ஆச்சு. சப்ளையருங்க மெயில்ல அனுப்புற நூல் பில், டையிங் பில்லை எடுத்து ஷீட்ல ஏத்தி, காலை 9 மணிக்கு மேனேஜருக்கு அப்ரூவலுக்கு அனுப்பணும். இவ்வளவுதான் வேலை. டெஸ்ட் பண்ணா அருமையா ஓடுது. காலைல வந்து பாத்தா ஒண்ணும் போயிருக்காது. கையால ரன் பண்ணா கிரெடென்ஷியலை (சேமிச்ச பாஸ்வேர்டை) டீகிரிப்ட் பண்ண முடியலன்னு, அதாவது பூட்டைத் திறக்க முடியலன்னு எரர். பாஸ்வேர்டு எல்லாம் திரும்பப் போட்டா சரியாகுது, மறுநாள் மறுபடி அதே. சிறுதொழில் சப்ளையருக்கு 45 நாளுக்குள்ள பணம் போயாகணும். இப்பவே 11 பில் தேங்கிடுச்சு. யாராவது உதவுங்க.

ரேம்கணக்கு | 10:20
மெமரி எவ்வளவு குடுத்திருக்கீங்க? 512 எம்பின்னா கண்டிப்பா அதான். பிடிஎஃப் பில் ரெண்டு மூணு சேந்து வந்தாலே கன்டெய்னர் (என்8என் ஓடற தனிக் கூடு) படுத்துடும். 2 ஜிபி ஆக்கிட்டு சொல்லுங்க.

வால்யூம்_மாட்டு | 10:26
ப்ரோ, டேட்டாபேஸ் எது? எதுவும் செட் பண்ணலன்னா எஸ்க்யூலைட் தான் டீஃபால்ட். அது கன்டெய்னருக்குள்ள ஹோம் ஃபோல்டர்ல இருக்கும். வால்யூம் (கன்டெய்னருக்கு வெளிய நிக்கற ஸ்டோரேஜ்) மாட்டாம விட்டா ரீஸ்டார்ட்ல எல்லாம் அழிஞ்சிரும். நூத்துக்குத் தொண்ணூறு பேர் இங்கதான் விழறாங்க.

நேரக்காரன் | 10:31
டைம்ஜோனைப் பாருங்க. ஒண்ணும் சொல்லலன்னா என்8என் நியூயார்க் நேரத்தை எடுத்துக்கும். நீங்க 9 மணின்னு வெச்சது அங்க 9 மணி. இப்போ அது நமக்கு சாயங்காலம் 6:30.

சர்வர்க்காவலர் | 10:44
எந்த கிளவுட், எந்தச் சேவை, எந்தப் பதிப்பு, எந்த டேட்டாபேஸ், லாக் என்ன சொல்கிறது: ஒன்றுமே எழுதவில்லை. "ஓடல" என்பது பிழை அறிக்கை அல்ல. இந்தக் குழுவில் ஏழு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் நிறுவல் கையேட்டை முழுதாகப் படியுங்கள். பணம் சம்பந்தப்பட்ட அப்ரூவலை இதில் வைப்பதே தவறு என்பது வேறு விஷயம்.

பில்பிரிவு | 11:30
மன்னிக்கணும் சார், பதட்டத்துல போட்டுட்டேன். மெமரி 2 ஜிபி இருக்கு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், தனியா இருக்கு. ஒர்க்ஃப்ளோ (நான் அமைச்ச வேலை வரிசை) ஒண்ணும் அழியல, எல்லாம் அப்படியே இருக்கு. பாஸ்வேர்டு மட்டும்தான் போகுது. நேரக்காரன் அண்ணா, நீங்க சொன்னதும்தான் ஞாபகம் வருது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6:30க்கு ஒருதடவை தானா ஓடுச்சு! மத்த நாள் அப்பவும் ஓடல.

நேரக்காரன் | 11:33
பாத்தீங்களா. டைம்ஜோனை ஆசியா கொல்கத்தான்னு மாத்துங்க, முடிஞ்சது.

வால்யூம்_மாட்டு | 11:37
எப்படி முடியும்? டைம்ஜோன் தப்பா இருந்தா தினமும் 6:30க்கு ஓடியிருக்கணும்ல. ஒருநாள் மட்டும் ஏன்?

கலம் | 11:52
பில்பிரிவு, மூணு கேள்வி. செவ்வாய் சாயங்காலம் 6:30க்கு என்8என் பக்கத்தை பிரவுசர்ல திறந்து வெச்சிருந்தீங்களா? தினமும் காலைல லாகின் மறுபடி கேக்குதா? சாதாரண விஎம்மா (வாடகைக்கு எடுக்கற முழு சர்வர்), இல்ல கூகுளோட கிளவுட் ரன் மாதிரி கன்டெய்னரை மட்டும் நாம குடுத்தா அவங்க ஓட்டற சேவையா? அந்த எரர் வரியை முழுசா போடுங்க, பாதியில வெட்டாதீங்க.

பில்பிரிவு | 12:15
அக்கா, கிளவுட் ரன் தான். ஒரு வீடியோ பாத்து ஏத்தினேன். செவ்வாய் ஆபீஸ்ல லேட்டாச்சு, ஆமா, திறந்துதான் வெச்சிருந்தேன். லாகின் தினமும் கேக்குது, அது வழக்கம்னு விட்டுட்டேன். எரரோட ரெண்டாவது பாதி: வேற என்கிரிப்ஷன் கீ வெச்சு பூட்டினதா இருக்கலாம்னு வருது.

கலம் | 12:40
அப்போ காரணம் ஒண்ணு இல்ல, மூணு. ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கறதால யார் சொன்னதும் முழுசாப் பொருந்தல.

முதல்ல சாவி. என்8என் நீங்க போடற பாஸ்வேர்டை எல்லாம் ஒரு என்கிரிப்ஷன் கீயால பூட்டித்தான் போஸ்ட்கிரெஸ்ல வைக்கும். கீ நீங்க குடுக்கலன்னா முதல் தடவை எழும்போது தானே ஒண்ணு உருவாக்கி, ஹோம் ஃபோல்டர்ல கான்ஃபிக்னு ஒரு ஃபைல்ல எழுதிக்கும். கிளவுட் ரன்ல ஃபைலெல்லாம் மெமரியிலதான் இருக்கு. இன்ஸ்டன்ஸ் (ஓடிட்டிருக்கற கன்டெய்னர்) நின்னா ஃபைல் போச்சு, சாவியும் போச்சு. அடுத்தது எழும்போது புதுச் சாவி. பெட்டி பத்திரமா போஸ்ட்கிரெஸ்ல இருக்கு, திறக்கறதுக்குத்தான் வழியில்ல. ஒர்க்ஃப்ளோ பூட்டாம இருக்கறதால அது தப்பிச்சுது. லாகின் சாதாரணமா 7 நாள் நிக்கும். அதுவும் இதே கீயை நம்பி இருக்கறதாலதான் தினமும் வெளிய தள்ளுது. லாக்ல போய், கீ இல்ல, புதுசா உருவாக்கினேன்னு சொல்ற வரி எத்தனை தடவை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

ரெண்டாவது தூக்கம். மினிமம் இன்ஸ்டன்ஸ் டீஃபால்ட் 0. யாரும் கூப்பிடலன்னா கொஞ்ச நேரத்துல நிறுத்திடும். 9 மணிக்கு அடிக்க வேண்டிய மணி அந்த ப்ராசஸுக்குள்ளயே இருக்கு. ப்ராசஸே இல்லன்னா யார் அடிப்பா? நீங்க எடிட்டரைத் திறந்து வெச்சா அது சர்வரோட ஒரு கனெக்‌ஷனைப் பிடிச்சுட்டே இருக்கும், அதனால முழிச்சிருக்கு.

மூணாவது நேரக்காரன் சொன்னது. அது சரிதான்.

ரேம்கணக்கு | 12:48
தூங்கறதுக்கு வழி சிம்பிள். வெளியில இருந்து 5 நிமிஷத்துக்கு ஒருதடவை யூஆர்எல்லைத் தட்டற மாதிரி ஒரு இலவச சேவையை வெச்சிடுங்க.

கலம் | 12:59
வேண்டாம். ரிக்வெஸ்ட் (வெளிய இருந்து வர அழைப்பு) அடிப்படை பில்லிங்ல ரிக்வெஸ்ட் ஓடற நேரம் மட்டும்தான் முழு சிபியு. தட்டி முடிச்சதும் உயிர் இருக்கும், கை கால் ஓடாது. மினிமம் 1 மட்டும் வெச்சாலும் இதே சிக்கல்தான். மினிமம் 1, கூடவே பில்லிங்கை இன்ஸ்டன்ஸ் அடிப்படைக்கு மாத்தணும். ரெண்டும் சேந்தாத்தான் டைமர் ஓடும். மேக்சிமமும் 1 வைங்க. ரெண்டு மெயின் ப்ராசஸ் எழுந்தா அதே பில் மேனேஜருக்கு ரெண்டு தடவை போகும்.

வால்யூம்_மாட்டு | 1:05
24 மணி நேரமும் முழிச்சிருக்கணும்னா சின்ன விஎம் ஒண்ணு எடுத்து டாக்கர் (கன்டெய்னரை ஓட்டற மென்பொருள்) போடறதுதான் புத்திசாலித்தனம். வால்யூம் மாட்டினா கீ ஃபைலும் தங்கும்.

கலம் | 1:09
இந்த வேலைக்கு அதுவும் நல்ல வழி, மறுக்கல. ஆனா விஎம் அப்டேட், சர்டிஃபிகேட், பேக்கப் எல்லாம் இவர் தலையில விழும். எங்க வெச்சாலும் கீயை நீங்களே உருவாக்கி சீக்ரெட்டா (ரகசியச் செட்டிங்கா) குடுங்க, இன்னொரு பிரதி வெளியில வைங்க. கீ இல்லாத டேட்டாபேஸ் பேக்கப்ல பாஸ்வேர்டுகள் தேறாது. பழைய சாவியால பூட்டினது போனது போனதுதான், கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் திரும்பப் போடணும்.

சர்வர்க்காவலர் | 1:30
இத்தனை ஒட்டு வேலை எதற்கு? அப்ரூவல் என்பது காத்திருக்கும் வேலை. அதற்குப் பிபிஎம்என் (அலுவல் நடைமுறையைப் படமாக வரையும் தரநிலை) இன்ஜின் இருக்கிறது. பிபிஎம்என் 2.0 வந்தது 2011இல். கமுண்டா என்ற அத்தகைய இன்ஜினில் ஒவ்வொரு காத்திருப்பும் டேட்டாபேஸில் பதிவாகும், சர்வர் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவும் ஓபன் சோர்ஸ்.

வால்யூம்_மாட்டு | 1:36
சார், கமுண்டா 7 கம்யூனிட்டி பதிப்பு 2025 அக்டோபரோட நின்னுடுச்சு. 8ஐ நாமே ஏத்தி ப்ரொடக்‌ஷன்ல ஓட்டணும்னா 8.6ல இருந்து லைசென்ஸ் வாங்கணும். ஒரு பில் அப்ரூவலுக்கா இது? என்8என்லயும் வெயிட் (காத்திருப்பு) 65 வினாடியைத் தாண்டினா டேட்டாபேஸுக்குத்தான் போகுது.

சர்வர்க்காவலர் | 1:41
என்8என் மட்டும் ஓபன் சோர்ஸா? 2022 மார்ச்சிலிருந்து சஸ்டெயினபிள் யூஸ் லைசென்ஸ். மூலத்தைப் பார்க்கலாம், எதுவும் செய்யலாம் என்று பொருளல்ல. அதற்கு முன் அப்பாச்சி லைசென்ஸோடு, விற்கத் தடை போடும் காமன்ஸ் கிளாஸ் ஒட்டியிருந்தது, அப்போதும் அது ஓபன் சோர்ஸ் இல்லை.

ரேம்கணக்கு | 1:47
சொந்த கம்பெனி வேலைக்கு ஓட்ட அந்த லைசென்ஸ்ல தடையே இல்லையே. அடுத்தவனுக்கு ஹோஸ்ட் பண்ணி வித்தாத்தான் பிரச்சினை. பேர்ல என்ன இருக்கு?

சர்வர்க்காவலர் | 1:52
பேரில்தான் உரிமை இருக்கிறது. இன்று உள்வேலைக்கு என்று வைப்பார், நாளை பக்கத்து யூனிட்டுக்கும் மாத வாடகைக்குப் போட்டுக் கொடுப்பார். அப்போது யார் பதில் சொல்வது?

கலம் | 2:00
லைசென்ஸ் விஷயத்துல அவர் சொல்றது நியாயம், தனி இழை தொடங்கினா நானும் வரேன். இங்க ஒருத்தருக்கு 11 பில் நிக்குது.

புதுவரவு27 | 4:18
எனக்கும் இதே பிரச்சினை. அப்ரூவல் மெயில்ல வர லிங்க்கை மேனேஜர் போன்ல தொட்டா லோக்கல்ஹோஸ்ட் 5678னு (அந்தந்த மெஷினையே குறிக்கற முகவரி) போய் நிக்குது.

நேரக்காரன் | 4:25
இது அது இல்லைங்க. உங்க சர்வருக்குத் தன்னோட வெளி முகவரி தெரியல. வெப்ஹுக் யூஆர்எல்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அதுல உங்க டொமைனை எச்டிடிபிஎஸ்ஸோட போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பில்பிரிவு | திங்கள் காலை 9:06
கலம் அக்கா, அந்த வரி லாக்ல 23 தடவை இருந்துச்சு. கீ, மினிமம் 1, பில்லிங், டைம்ஜோன் நாலும் மாத்தினேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் லாகின் கேக்கல. இன்னிக்கு 9:00க்கு 11 பில்லும் மேனேஜருக்குப் போயிடுச்சு, 4 ஓகே பண்ணிட்டார். அக்கவுன்ட்ஸ்ல கூப்பிடறாங்க, அப்புறம் வரேன். எல்லாருக்கும் நன்றி.

வால்யூம்_மாட்டு | 9:15
சந்தோஷம் ப்ரோ. கீயோட பிரதி எங்க வெச்சிருக்கீங்க?