1987-ல் போட்ட கான்கிரீட் தளம்: பூசிச் சரிசெய்யலாமா, இடித்துப் போட வேண்டுமா?

கேள்வி (கடலூர் வாசி)
வணக்கம். கடலுக்குப் பக்கத்தில் ஒரு மாடி கூட இல்லாத வீடு. 12 அடிக்கு 14 அடி ஹாலில் சீலிங் இரண்டு இடத்தில் பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. மழை பெய்தால் ஓர் ஓரம் ஒழுகுகிறது. மேலே வாட்டர்புரூஃப் அடித்து, கீழே சிமெண்ட் பூசினால் போதும் என்கிறார் கொத்தனார். இன்னொருவர் தளத்தையே இடிக்கச் சொல்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1 (கட்டடப் பொறியாளர்)
ஒழுகலை வேறாகவும் கம்பித் துருவை வேறாகவும் பாருங்கள் சார். ஒழுகுகிறது என்பதற்காக யாரும் தளத்தை இடிப்பதில்லை. தட்டோட்டுச் சந்து, கைப்பிடிச்சுவர் ஓரம், மழைநீர்க் குழாயின் வாய், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். தளத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் என்பதைச் சொல்வது கம்பி.

சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்க அடிக்கு ஒரு தட்டாகத் தட்டுங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக்கொண்டு, பூச்சைக் கொத்தி எடுங்கள். பூச்சு மட்டும் விட்டிருந்தால் கவலையில்லை. கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட்டே பிரிந்திருந்தால் காரணம் துரு. அது இரும்பைவிடப் பல மடங்கு பருத்து உள்ளிருந்தே தள்ளும். ஆறங்குலத்துக்கு ஒன்றாக நேர்கோட்டில் பழுப்புக் கறையோ விரிசலோ ஓடினால், அது கம்பி போகும் தடம்.

பிறகு கம்பியை ஒயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் ஒரு மில்லிதானே என்று தோன்றும். வெட்டுப்பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. 6 என்றால் 44 சதவீதம். அங்கங்கே சில கம்பிகள் மட்டும் இப்படி என்றால், பக்கத்தில் புதுக் கம்பி வைத்து, கெடாத பகுதியில் இருபுறமும் 40 செ.மீ. (விட்டத்தின் 50 மடங்கு) பழைய கம்பியோடு சேர்ந்து ஓடும்படி கட்டலாம். அறையின் நடுப்பகுதியில் பாதிக் கம்பிகள் இந்த நிலையில் இருந்தால் இடிப்பதே சரி.

தொய்வையும் பாருங்கள். சுவருக்குச் சுவர் நூல் பிடித்து நடுவில் அளந்தால், 12 அடிக்கு 15 மி.மீ. வரை பொறுக்கலாம். சென்ட்ரிங் அடித்தபோதே இறங்கியதாகவும் இருக்கலாம் என்பதால், விரிசலின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை வைத்துத் தேதி எழுதி விடுங்கள். பட்டை வெடித்தால் விரிசல் இன்னும் நகர்கிறது.

பதில் 2 (ரிப்பேர் வேலை பார்ப்பவர்)
கடலோரம் என்பதால் உப்புச் சோதனை இல்லாமல் முடிவெடுக்காதீர்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் (காரத்தன்மையைக் காட்டும் திரவம்) தெளித்தால் இளஞ்சிவப்பாக மாறும். மாறாத ஆழம்வரை, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது என்று பொருள். ஆனால் உப்பை அது காட்டாது. கம்பி இருக்கும் ஆழத்தில் துளையிட்டு, அந்தத் தூளை ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு (உப்பு) அளவைப் பாருங்கள். ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்லும் வரம்பு, கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 0.6 கிலோ.

உப்புத் தண்ணீரிலோ கடல் மணலிலோ கலந்த தளமாக இருந்தால் தளம் முழுவதும் உப்பு இருக்கும். ஒட்டுப்போட்ட இடம் நன்றாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட தளத்தில் ஒட்டு வேலைக்குப் பணம் போடவே கூடாது. வெறும் சிமெண்ட் பூச்சு எந்த நிலையிலும் வேண்டாம்: துருவை அது மூடி மறைக்கும், நிறுத்தாது. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி கொத்தி, துரு நீக்கி, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைப்பதுதான் ரிப்பேர். கொத்தும்போது கீழே ஜாக்கி முட்டு கட்டாயம்.

பதில் 3 (கட்டடப் பொறியாளர்)
மூன்று விஷயம் விட்டுப்போனது. பழைய சுர்க்கியின் (மொட்டைமாடியில் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம்) மேலேயே புதுச் சுர்க்கி போட விடாதீர்கள். நாலு அங்குலச் செங்கல் ஜல்லிச் சுர்க்கி சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு விதி வைத்திருக்கும் சுமையே 150 கிலோதான்.

ஹால் தளத்தை மட்டும் இடிப்பதானால், அது பக்கத்து அறையோடு ஒரே தளமாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். நடுச்சுவரின் மேல் ஓடும் மேல்கம்பியை வெட்டினால், பக்கத்து அறைத் தளத்தின் நடுப்பகுதிக்குச் சுமை கூடும். அங்கேயும் முட்டுக் கொடுத்த பிறகே இடிக்கத் தொடங்குங்கள். சன்ஷேடு இருந்தால் அதன் கம்பி மேற்பக்கத்தில் இருக்கும். கீழே தட்டிப் பார்த்துவிட்டு நல்லது என்று விட்டுவிடாதீர்கள்.