கனடாவில் இருந்து வந்த பிக்சல் 7ஏ: எந்த ஓஎஸ் போடலாம்?

முல்லைத்தீவுக்காரி:
வணக்கம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருக்கும் அம்மாக்கள் சிலரின் கதைகளை அவர்களின் குரலிலேயே பதிந்து வருகிறேன். வயது போன சனம், சிலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். பதிவுகள் எல்லாம் அப்டேட் நின்றுபோன ஒரு பழைய போனில் கிடக்கின்றன. இப்போது சித்தி கனடாவில் இருந்து கூகுளின் பிக்சல் 7ஏ போன் அனுப்பியிருக்கிறார். போனோடு வரும் ஆண்ட்ராய்டு சிஸ்டத்துக்குப் பதிலாகப் போடக்கூடிய கிராஃபீன்ஓஎஸ், லினியேஜ்ஓஎஸ் இரண்டில் எது நல்லது? போன் யாருடைய கையிலாவது அகப்பட்டால் அந்தக் குரல்கள் வெளியே போகக்கூடாது, எனக்கு அதுதான் பயம்.

மாங்குளத்தான்:
அந்தப் பயம்தான் என்றால் கிராஃபீன்ஓஎஸ் போடுங்கள் தங்கச்சி. லினியேஜ் நல்லதுதான், கைவிடப்பட்ட போன்களுக்கு உயிர் கொடுக்கிறது, ஆனால் அதைப் போட்ட பெரும்பாலான போன்களில் பூட்லோடரை, அதாவது போன் தொடங்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் பகுதியை, திறந்தபடியே விடவேண்டும், போனைக் கையில் எடுத்தவன் சிஸ்டத்தையே மாற்றிவைக்க வழி இருக்கும். கிராஃபீனைப் போட்டபிறகு திரும்பப் பூட்டலாம். பூட்டிய போனை 18 மணித்தியாலம் யாரும் திறக்காவிட்டால் அது தானாக ரீஸ்டார்ட் ஆகி, உள்ளே இருப்பதெல்லாம் பாஸ்வேர்ட் இல்லாமல் வாசிக்க முடியாத நிலைக்குப் போய்விடும். அந்த நேரத்தை நீங்கள் இன்னும் குறைத்தும் வைக்கலாம். வற்புறுத்தித் திறக்கச் சொன்னால் கொடுப்பதற்கு இன்னொரு பின் நம்பரும் வைக்கலாம், அதை அடித்தால் எல்லாம் அழிந்துவிடும். அதனால் பிரதி ஒன்று வேறிடத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். 7ஏ-க்கு 2028 மே வரை அப்டேட் வரும்.

வவுனியா அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிந்தது, எந்த ஓஎஸ் போட்டாலும் நீங்கள் எந்த சிக்னல் கோபுரத்துக்குக் கிட்ட நிற்கிறீர்கள் என்பது கம்பனிக்குத் தெரியும், சாதாரண கோல் எடுத்தால் யாரோடு கதைத்தீர்கள் என்பதும் தெரியும். அம்மாக்களின் வீடுகளுக்குப் போகும்போது ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், பதிவதற்கு சிக்னல் தேவையில்லை. அப்புறம் வங்கி ஆப்: கூகுள் பிளேயைக் கிராஃபீனில் சாதாரண ஆப் போலப் போடலாம், ஆனாலும் சில வங்கி ஆப்கள் ஓடாது. பழைய போனை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், பதிவுகளை மட்டும் அதில் இருந்து எடுத்துவிட்டு.

முல்லைத்தீவுக்காரி:
நன்றி அக்கா, அண்ணா. செட்டிங்ஸில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லொக்' என்ற பொத்தான் மங்கலாகக் கிடக்கிறது, அமுக்க முடியவில்லை.

மாங்குளத்தான்:
வைஃபையில் இணைத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மங்கலாகவே இருந்தால், எந்தக் கம்பனியிடம் வாங்கியது என்று சித்தியிடம் கேளுங்கள். அமெரிக்காவில் வெரைசன் விற்கும் பிக்சல்களில் அது திறக்காது, கனடாவில் வாங்கியது என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பூட்லோடரைத் திறக்கும்போதும் பூட்டும்போதும் போனில் உள்ளதெல்லாம் அழியும், ஆகவே அம்மாக்களின் பதிவுகளை இப்போதைக்கு அதில் ஏற்றவேண்டாம்.