சார்ஜ் விளக்கு எரியவில்லை, ஆனாலும் பேட்டரி இறங்கிவிடுகிறது: பழைய அம்பாசடருக்கு உதவி தேவை

தாமிரபரணிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு அம்பாசடரில் பேட்டரி நிற்பதே இல்லை. பகலில் ஓட்டினால் குறை எதுவும் தெரிவதில்லை. இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால், மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் ஆள் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. பேட்டரி புதியது. மீட்டர் போர்டில் சிவப்புச் சார்ஜ் விளக்கும் எரியவில்லை, ஆகையால் சார்ஜிங் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் எலக்ட்ரீஷியன், வண்டி ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்துடன் திருச்செந்தூர் செல்ல வேண்டும். மின்சாரம் எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

பொன்மலை டீசல்:
வண்டி எந்த ஆண்டு மாடல், பெட்ரோலா டீசலா என்று நீங்கள் சொல்லவில்லை. அம்பாசடரின் பழைய மார்க் வகை வண்டிகளில் மின்சாரம் தர டைனமோவும், அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியும் இருக்கும்; பிந்தைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இருக்கும்; பழைய வண்டியிலேயே பின்னாளில் ஆல்டர்னேட்டரை மாற்றிப் பொருத்தியவர்களும் உண்டு. எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மாடவீதி:
என் கருத்தில் இது பேட்டரிதான். புதியது என்று சொல்லி விற்கப்படும் பேட்டரி, கடையில் பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். முழுச் சார்ஜில் 1.250-க்கு மேல் காட்ட வேண்டும், ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம்.

மின்னளவை:
இத்தனை ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிறேன், மீண்டும் ஒருமுறை சொல்கிறேன். மல்டிமீட்டர் வைக்காமல் பேட்டரி என்றும் ஆல்டர்னேட்டர் என்றும் பேசுவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். கேட்பவர் குறைந்தபட்சம் மூன்று அளவுகளையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்: இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் எவ்வளவு வோல்ட், இன்ஜின் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது எவ்வளவு, ஹெட்லைட்டைப் போட்டு ரேஸ் செய்யும்போது எவ்வளவு. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், சார்ஜ் ஆகும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் காட்டும். இதைக்கூட அளக்காதவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முன்னாள் ஓட்டுநர்:
மீட்டரெல்லாம் வேண்டாம், தம்பி. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் சார்ஜ் இல்லை, ஓடினால் சார்ஜ் இருக்கிறது. டாக்ஸி ஓட்டிய காலம் முழுவதும் நாங்கள் இப்படித்தான் பார்த்தோம்.

மின்னளவை:
ஐயா சொல்வதை யாரும் செய்ய வேண்டாம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்கு எழும்பும்; உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதைத் தாங்காமல் போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

முன்னாள் ஓட்டுநர்:
எத்தனையோ வண்டிகளில் செய்திருக்கிறேன், ஒன்றுகூடக் கெட்டதில்லை. படித்தவர்கள் அனுபவத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

பொன்மலை டீசல்:
ஐயா, நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை டைனமோ வண்டிகளாக இருந்திருக்கும். டைனமோவில் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புவது கம்யூட்டேட்டர் என்னும் உலோக வளையம், அங்கே பொசுங்குவதற்கு டயோடே கிடையாது. ஆகையால் உங்கள் அனுபவம் அந்த வண்டிகளைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள்: கேட்பவருடையது டீசல் வண்டியாக இருந்தால் இந்தச் சோதனை எதையுமே சொல்லாது. பழைய டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை, மெக்கானிக்கல் பம்ப் டீசலை அனுப்பிக்கொண்டிருக்கும் வரை பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இக்னிஷன் தடுமாறி முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். டீசலில் சார்ஜ் இல்லாதது மறுநாள் காலையில்தான் தெரிய வரும்.

கொங்குவண்டி:
ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா? ஓடும்போது அணைந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

தாமிரபரணிக்கரை:
மன்னிக்கவும், அலுவலக வேலையில் இருந்தேன். 1991 அம்பாசடர் நோவா, டீசல், ஆல்டர்னேட்டர்தான். பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கி அளந்தேன். காலையில் 12.1, தள்ளி ஸ்டார்ட் செய்தபின் ஐடிலிங்கில் 12.0, லேசாக ரேஸ் செய்தாலும் அதே அளவு. நன்றாக ரேஸ் செய்தபோது திடீரென்று 14.1-க்குத் தாவியது, அதன்பின் ஐடிலிங்கிலும் 13.9-இலேயே நின்றது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மீண்டும் 12 தான். சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரிவதில்லை. ஆயில் விளக்கு எரிகிறது.

கொங்குவண்டி:
அப்படியானால் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். விளக்கு எரியாததை நீங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டீர்கள். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகை ஆல்டர்னேட்டரில் அந்தச் சிறு பல்பு எச்சரிக்கைக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகச் சென்று, மெல்லிய ஒயரில் இறங்கி, கார்பன் பிரஷ் வழியாக ரோட்டார் என்னும் சுழலும் சுருளுக்குள் நுழைந்து அதைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் சுழலும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது. பிறந்தபின் ஆல்டர்னேட்டர் தன் ரோட்டாருக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்ளும், பல்பின் இரு முனைகளிலும் ஒரே வோல்ட் நிற்பதால் விளக்கு அணைந்துவிடும். பல்பின் வழி அடைபட்டால் ரோட்டாரில் எஞ்சியிருக்கும் சொற்பக் காந்தத்தை மட்டும் நம்பி ஆல்டர்னேட்டர் விழிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மிக வேகமான சுழற்சி தேவை. உங்கள் 14.1 திடீரென்று தாவியதன் பொருள் இதுதான்.

இரவுக் கணக்கும் இதனோடு பொருந்துகிறது. 60 வாட் ஹெட்லைட் இரண்டு மட்டுமே 10 ஆம்பியர் இழுக்கும். ஊருக்குள் நிதானமாக இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் பேட்டரியில் பாதியை விளக்கே குடித்துவிடும். மீதி இருப்பது, குளிர்ந்த டீசல் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் செல்ஃபுக்கும் போதாது.

இப்போது செய்ய வேண்டியது இது. இன்ஜின் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உள்ள மெல்லிய ஒயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, அந்த ஒயரின் நுனியை இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் ஒயரும் பல்பும் நலம், குறை பிரஷிலோ ரெகுலேட்டரிலோ இருக்கிறது. எரியாவிட்டால் பல்பு அல்லது ஒயர். தடித்த ஒயரை மட்டும் எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். அதில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் நேராக நிற்கிறது, உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும்.

மாடவீதி:
ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டை யாரும் கேட்கவில்லையே. தளர்ந்த பெல்ட்டும் ஐடிலிங்கில் சார்ஜைக் குறைக்கும்.

மின்னளவை:
தளர்ந்த பெல்ட் என்றால் ஹெட்லைட்டைப் போட்டதும் வழுக்கிக் கீச்சிடும், வோல்ட் ஏறி இறங்கும்; ஒருமுறை தாவியபின் ஐடிலிங்கிலும் 13.9-இல் உறுதியாக நிற்காது. கொங்குவண்டி சொன்னது சரி. மேலே கொடுத்த அளவுகளைப் பார்த்திருந்தால் பெல்ட்டைப் பற்றிய கேள்வியே எழுந்திருக்காது.

தாமிரபரணிக்கரை:
ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. மீட்டர் போர்டைப் பின்பக்கமாக இறக்கிப் பார்த்ததில், சார்ஜ் விளக்கின் இடத்தில் எல்இடி பல்பு இருக்கிறது. ஆறேழு மாதத்துக்கு முன் மீட்டர் போர்டைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் சில பல்புகளை மாற்றியதாகச் சொன்னார்கள். அதனால் இப்படி ஆகுமா?

கொங்குவண்டி:
நிச்சயமாக ஆகும். பழைய 2.2 வாட் இழை பல்பு ஏறத்தாழ 0.18 ஆம்பியர் விடும், எல்இடி அதில் பத்தில் ஒரு பங்கு அளவே விடும். அது ரோட்டாரை எழுப்பப் போதாது. எல்இடியைத் திருப்பிப் பொருத்தியிருந்தால் அதுவும் போகாது, விளக்கும் எரியாது.

பொன்மலை டீசல்:
என் வண்டியில் சார்ஜ் விளக்கு எல்இடிதான், குறை எதுவும் இல்லை. ஆகையால் எல்லா எல்இடியையும் பழிக்க வேண்டாம்.

மின்னளவை:
உங்கள் மீட்டர் போர்டில் பல்புக்குப் பக்கவாட்டாக ஒரு ரெசிஸ்டர் இருக்கக்கூடும். சில வண்டிகளில், பல்பு ஃப்யூஸ் ஆனாலும் ரோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். கழற்றிப் பார்க்காமல், நம் வண்டியில் நடப்பது பிறர் வண்டியிலும் நடக்கும் என்று சொல்வது முறையன்று.

முன்னாள் ஓட்டுநர்:
எங்கள் காலத்தில் இந்த எல்இடி இல்லை. பழைய பல்பையே போடுங்கள், தம்பி.

தாமிரபரணிக்கரை:
பழைய இழை பல்பு போட்டாயிற்று. சாவியைத் திருப்பியதும் எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. ஐடிலிங்கில் 14.0, ஹெட்லைட்டுடன் 13.6. அனைவருக்கும் நன்றி. நாளை காலை கிளம்புகிறோம்.

மின்னளவை:
13.6 ஏற்றுக்கொள்ளத்தக்கதுதான், ஆயினும் சற்றுக் குறைவு. கிளம்புவதற்கு முன், இன்ஜின் ஓடும்போதே ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையில் மீட்டரை வைத்து அளவைச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறது என்று பொருள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் பட்டையையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

கொங்குவண்டி:
அந்தப் பேட்டரி பல மாதமாக அரைச் சார்ஜில் கிடந்திருக்கிறது. இன்று இரவே வெளிச் சார்ஜரில் 5 ஆம்பியர் அளவில் போட்டு முழுவதும் ஏற்றிக்கொள்ளுங்கள்; ஆல்டர்னேட்டரே ஏற்றட்டும் என்று விட வேண்டாம். மின்னளவை கேட்ட அளவையும் எடுத்தீர்களா?