தனியார் தாதியர் டிப்ளோமாவுக்குக் கடன் எடுக்கலாமா?

வினா: தலவாக்கலை அண்ணன்

என் தங்கை உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதாது என்று பாடசாலையில் சொல்கிறார்கள். கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருட தாதியர் டிப்ளோமாவுக்கு 9 இலட்சம் ரூபாய் கேட்கிறது. தங்குமிடமும் சாப்பாடும் வேறு. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகும், பறித்த கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் நாட்கள் இருப்பதால் மாதத்தில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிவதில்லை. அம்மாவின் பெயரில், பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் குழுக் கடன் எடுப்பதா, அவருடைய ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஒரு பகுதியைப் பெறுவதா, அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பிப்பதா என்று விவரம் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: பதுளை தாதி

தம்பி, பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், அந்த டிப்ளோமாவை முடித்தால் தங்கை தாதியாகப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாதியர் பயிற்சி என்று விளம்பரம் செய்யப்படுபவற்றில் பல, உண்மையில் உதவித் தாதியருக்கோ பராமரிப்பாளருக்கோ உரிய பயிற்சிகளே. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் 9 இலட்சம் கடன்பட்டுக் கற்க வேண்டிய வேலை அதுவல்ல. தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அங்கு கற்பவர் தாதியாகப் பதிவு பெறுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் காட்டிப் பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களை வர்த்தமானி அறிவித்தலின் மூலம் சேர்க்கிறார்கள். அங்கே கட்டணம் கிடையாது என்பதோடு, மூன்று வருடப் பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும். அதற்கு ஈடாக, பயிற்சி முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அரச சேவையில் இருப்பதாக முறி எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். எங்கள் வீட்டில் ஒரு நகையும் அடகுக்குப் போகவில்லை.

பதில்: ஹட்டன் ஓய்வுபெற்ற வங்கியாளர்

கடன் பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம், அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில் பட்டப்படிப்பைத் தொடர்வதற்காக ஏற்படுத்தப்பட்டது. வட்டியை அரசாங்கம் செலுத்துகிறது. கடன் தொகையை, படிப்பு முடிந்து ஒரு வருடச் சலுகைக் காலமும் கழிந்த பின்னரே மாணவர் செலுத்தத் தொடங்க வேண்டும். ஆகவே நீங்கள் சொல்லும் டிப்ளோமாவுக்கு இது பொருந்தாது. திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ள தாதியியல் பட்டப்படிப்பு ஒன்றில் தங்கைக்கு இடம் கிடைத்தால் மட்டுமே யோசிக்கலாம்.

சேமலாப நிதியில் 30 சதவீதத்தை முன்கூட்டியே பெறும் வசதி வீட்டுத் தேவைக்கும் மருத்துவச் சிகிச்சைக்கும் மட்டுமே உரியது, கல்விக்கு இல்லை. வீட்டுத் தேவை என்று எழுதி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது தரகர் சொன்னால் அம்மாவைக் கையெழுத்திட விடாதீர்கள்.

குழுக் கடனை நான் முற்றாக எதிர்க்கிறேன். தவணை கிழமைக்கொரு முறை வரும், படிப்பு முடிந்து சம்பளம் வருவதோ மூன்று வருடம் கழித்து. இடையில் ஒரு தவணை தவறினாலும், அதே லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) குடியிருக்கும் மற்றப் பெண்கள் அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்க நேரும்.

தலவாக்கலை அண்ணன்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. பதிவைப் பற்றி நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டபோது, வெளிநாடு போகலாம் என்றார்களே தவிர நேரான பதில் வரவில்லை. வர்த்தமானி எப்போது வரும் என்று தெரியாமல் தங்கையை வீட்டில் இருத்தி வைப்பதுதான் தயக்கமாக இருக்கிறது.

பதில்: மஸ்கெலியா ஆசிரியர்

அந்தத் தயக்கம் நியாயமானதே. நம் பகுதியில் காத்திருக்கும் பெண்பிள்ளை ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்பில் ஒரு கடைக்கோ போய்விட்டால் திரும்பிப் படிக்க வருவது அபூர்வம் என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். ஆகையால் காத்திருக்கும் காலத்தை வெறுமனே விடாமல் மீண்டும் பரீட்சைக்கு அமர்த்துங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் அந்த மாவட்டங்களில் ஒன்று. தாதியியல் பட்டப்படிப்பு பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இருப்பதால், விண்ணப்பத்தில் அவற்றை முன்வரிசையில் இட வேண்டும்.

இடம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1947இல் ஏற்படுத்தப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியமும் உயர்தர, பல்கலைக்கழக மாணவருக்கு உதவுகிறது. அதைப் பற்றிக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள். அம்மா தோட்டத்தில் வேலை செய்வதை உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் துரை (தோட்ட முகாமையாளர்) லீவில் இருந்தால் விண்ணப்பத் திகதி தப்பிவிடும்.