உணவுத் திருவிழாவுக்குப் போய் ஏமாந்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

பெரம்பூர்க்காரி:

எந்த விழா என்று சொல்லவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நான் போனதே அப்பாவுக்காக. அப்பா ஆம்பூர்க்காரர், தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். 1984-இல் மெட்ராஸ் வந்தார். இப்போது முட்டி வலி, ரயில் ஏற முடியாது. "விறகடுப்பு ஆம்பூர் பிரியாணி" என்று பேனரைப் பார்த்ததும் ஆட்டோ பிடித்து அழைத்துப் போய்விட்டேன்.

நுழைவுச் சீட்டுக்கு அரை மணி, டோக்கனுக்கு நாற்பது நிமிடம், அப்புறம் கடை வரிசை. உட்கார ஒரு நாற்காலி கிடையாது. காலித் தண்ணீர் கேன் ஒன்றைக் கவிழ்த்து அப்பாவை உட்காரவைத்தேன். எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போதே தேக்சாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தட்டில் விழுந்தது அடிப்பிடித்த சோறும் ஒரு ஏலக்காயும்தான். "கறி முடிஞ்சிடுச்சுக்கா, டோக்கனுக்குக் காசு திருப்பித் தரமாட்டாங்க, இதையாவது வாங்கிக்கங்க" என்றான் பையன்.

அப்பா வாயில் வைக்கும் முன் சோற்றை விரலால் பிரித்துப் பார்த்தார். நீள நீளமாக இருந்தது. "இது சீரகச் சம்பா இல்லையேம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சோற்றை வீணாக்க மாட்டார்.

சைதை வாசி:

நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். ஜிகர்தண்டா வாங்கினேன். பாதாம் பிசின் பேருக்குக்கூட இல்லை, ரோஸ் கலர் பாலில் ஐஸ் கட்டி மிதந்தது. குழந்தை கை கழுவக் குழாய் தேடினால், ஒரே ஒரு குழாய், அதன் அடியில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எதுவும் வாங்கத் தோன்றவில்லை, திரும்பிவிட்டோம்.

தணல்:

அக்கா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அடுப்புக்கு இந்தப் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். வேலூர்ப் பக்கம் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன் நான். இதே மாதிரி ஒரு விழாவில் கடை போட்டேன். ஒரு நாளைக்கு 300 தட்டு போகும் என்று சொல்லித்தான் இடம் கொடுத்தார்கள். முதல் நாள் ஆறரை மணிக்குள் அவ்வளவும் தீர்ந்தது, வரிசை மட்டும் தீரவில்லை.

ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, எட்டுப் பேர் திருப்தியாகச் சாப்பிடலாம். 20 கிலோ தேக்சா வைத்தால் 160 தட்டு. கறி வேகவேண்டும், அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து வடித்துக் கொட்டவேண்டும், மூடி மேல் தணல் போட்டு தம் விடவேண்டும். என்ன அவசரப்படுத்தினாலும் அடுத்த தேக்சா இறங்க இரண்டு மணி நேரம். நடுவில் தம்மைப் பிரித்தால் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு ஒருத்தர் டோக்கனை என் முகத்தில் விட்டெறிந்தார். குனிந்து பொறுக்கி, வியர்வை துடைக்கும் துண்டில் முடிந்துகொண்டு மறுபடி கிண்டப் போனேன். டோக்கன் காசு எங்கள் கைக்கு நேராக வராது, வாரக் கடைசியில் பிடித்தம் போகத்தான் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பாஸ்மதியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆம்பூர் என்று போர்டு வைத்தால் சீரகச் சம்பாதான் போடவேண்டும்.

மன்ஹைம்:

இது வேறு நாட்டுக் கதை, ஆனால் வலி ஒன்றுதான். ஜெர்மனியில் இருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் பாட் டூர்க்ஹைமில் செப்டம்பரில் நடப்பதை உலகின் மிகப் பெரிய ஒயின் திருவிழா என்பார்கள். நான் போனது அது இல்லை, அதே ஃபால்ட்ஸ் பகுதியில் ஒரு சிற்றூர் விழா. அங்கே ஒயினை அரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குவளையில் தருவார்கள், பக்கமெல்லாம் குழி குழியாக இருக்கும், டுப்பெகிளாஸ் என்று பெயர். மேசையில் இருப்பவர்கள் அறிமுகம் இல்லாவிட்டாலும் அந்த ஒரே குவளையைக் கைமாற்றிக் குடிப்பது வழக்கம். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

கூட்டத்தில் மேசைப் பக்கமே போக முடியவில்லை. பிளாஸ்டிக் கோப்பையில் வெதுவெதுப்பான ரீஸ்லிங் வெள்ளை ஒயின். ஊற்றியவர் அந்தத் தோட்டத்துக்காரப் பெரியவர். எந்தச் சரிவில் விளைந்த திராட்சை என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது, கையைத் தூக்கி மலைப் பக்கம் காட்டி ஏதோ சொன்னார். பின்னால் தள்ளினார்கள், பாட்டுச் சத்தம் வேறு. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்றவன்:

ஒருமுறை கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று வாங்கினேன், கடலை நமுத்து, பாகு பல்லில் ஒட்டியது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்கு இந்தக் கதி. அது இருக்கட்டும், இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சனி ஞாயிறு போகவே போகாதீர்கள். வார நாளில் கதவு திறக்கும்போதே உள்ளே இருக்கவேண்டும். டோக்கனை மொத்தமாக வாங்காதீர்கள், முதலில் ஒரு சுற்று சுற்றி எந்த அடுப்பில் ஆவி பறக்கிறது என்று பாருங்கள். சமைத்த சோறு ஆறிப்போய்த் திறந்து கிடந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள், ஆறிய சோற்றில் கிருமி வேகமாகப் பெருகும், மறுபடி சுடவைத்தாலும் அது விட்ட நஞ்சு போகாது. மயோனைஸ், சட்னி இரண்டும் மாலை ஏழுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் வீட்டிலிருந்து. இரண்டு பேர் போனால் ஆளுக்கொரு வரிசை. வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் பசியில் எதையாவது வாங்கத் தோன்றாது. முக்கியமாக, வயதானவர்களை அழைத்துப் போகவே கூடாது. பெரம்பூர்க்காரி செய்தது தவறு.

சைதை வாசி:

ஐயா, அவர் யோசனை கேட்கவில்லையே. முட்டி வலி என்பதற்காக அவர் அப்பாவுக்குத் தன் ஊர்ச் சாப்பாட்டு ஆசை இருக்கக்கூடாதா? நாற்காலி போடாதவர்களை விட்டுவிட்டு அவரை ஏன் சொல்கிறீர்கள்?

பெரம்பூர்க்காரி:

பரவாயில்லை, அவர் அக்கறையில்தான் சொல்கிறார். தணல் தம்பி, அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒன்று கேட்கவேண்டும். வீட்டில் ஒரு கிலோ போடுவதாக இருந்தால் மிளகாய் எத்தனை?

தணல்:

காய்ந்த மிளகாய் பதினைந்து. விதையை உதறிவிட்டு, சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து மைய அரையுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம், ஆம்பூர் நிறம் அந்த விழுதில்தான் வரும். புளி விட்ட கத்தரிக்காய் தொட்டுக்கொள்ள. விறகு இல்லாவிட்டால் தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் இருபது நிமிடம் தம் போடுங்கள். அப்பாவை அடுப்பங்கரையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள், மூடியை எப்போது திறப்பது என்று அவர் வாசனையிலேயே சொல்லிவிடுவார்.