கண்ட்ரோல் எஸ் அடிச்சா டெர்மினல் உறையுது, மேல் அம்பு டிமக்ஸ் உள்ள தேட மாட்டேங்குது

அம்புக்குறி கேட்டது:

நண்பர்களே, பாஷ்ல (டெர்மினல்ல அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டற ஷெல்) ஹிஸ்டரி, அதாவது முன்னாடி அடிச்ச கமாண்டுகளைத் தேடுறதுல ரெண்டு மூணு சிக்கல் சேர்ந்தாப்ல வந்து நிக்குது. கண்ட்ரோல் ஆர் நல்லா வேலை செய்யுது, நாலு எழுத்து அடிச்சா பழைய கமாண்ட் வந்துருது, ஆனா வேகத்துல தேவையானதைத் தாண்டிப் போயிட்டா திரும்பி வர கண்ட்ரோல் எஸ்னு மேனுவல்ல போட்டிருக்கு, அதை அடிச்சதும் திரை அப்படியே உறைஞ்சுருது, எதைத் தட்டினாலும் அசைவே இல்ல, விண்டோவை மூடிட்டுத்தான் மறுபடி திறக்க வேண்டியிருக்கு.

அடுத்தது, கிட்னு (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கமாண்ட்) மட்டும் அடிச்சுட்டு மேல் அம்பைத் தட்டினா கிட்ல ஆரம்பிக்கிற கமாண்ட் மட்டும் வரணும். அதுக்காக ஹோம் டைரக்டரில டாட் இன்புட்ஆர்சி ஃபைல் (எந்த கீ என்ன செய்யணும்னு எழுதி வைக்கிறது) புதுசா போட்டு மேல் அம்புக்கு ஹிஸ்டரி-சர்ச்-பேக்வேர்ட், கீழ் அம்புக்கு ஹிஸ்டரி-சர்ச்-ஃபார்வேர்ட் கொடுத்தேன். புதுசா திறக்கிற டெர்மினல்ல சரியா இருக்கு, டிமக்ஸ் (ஒரே டெர்மினல்ல பல ஷெல்லை ஓட்டி வைக்கிற ப்ரோக்ராம்) உள்ள மட்டும் பழையபடி ஒவ்வொரு வரியாத்தான் வருது. அதே ஃபைலை ஒரு பழைய சர்வர்லயும் போட்டேன், அங்க கண்ட்ரோலோட வலது அம்பு அழுத்தி வார்த்தை வார்த்தையா தாவுறது நின்னுபோய் இப்ப அரைப்புள்ளி, 5, சி-னு எழுத்துதான் விழுது. இது மூணும் ஒரே காரணமா, வேற வேறயா?

கருந்திரை:

வேற வேற தான். கீபோர்டுக்கும் பாஷுக்கும் நடுவுல பல அடுக்கு இருக்கு: டெர்மினல் ப்ரோக்ராம், டிமக்ஸ், கெர்னலோட டிடிஒய் டிரைவர் (டெர்மினலுக்கும் ப்ரோக்ராமுக்கும் நடுவுல எழுத்துகளைக் கடத்தறது), கடைசியா ரீட்லைன் லைப்ரரி (நீங்க அடிக்கிற வரியைத் திருத்தறதும் ஹிஸ்டரி தேடறதும் இதுதான்). நீங்க அடிக்கிற கீயை எந்த அடுக்கு முழுங்குதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

கண்ட்ரோல் எஸ் முழுங்கப்படறது டிடிஒய் டிரைவர்ல. அது ஃப்ளோ கண்ட்ரோல், எக்ஸ்ஆஃப்னு சொல்லுவாங்க, அவுட்புட்டை நிறுத்துங்கற சிக்னல். கண்ட்ரோல் கியூ எக்ஸ்ஆன், மறுபடி ஓட விடும். எஸ் 19வது எழுத்து, கியூ 17வது, ஆஸ்கீல 19ம் 17ம் டிசி3, டிசி1 அப்படிங்கற டிவைஸ் கண்ட்ரோல் எழுத்துக்கள், டெலிடைப் காலத்துல காகித நாடா ரீடரை நிறுத்தவும் ஓட்டவும் வெச்சது, அந்த வழக்கம் இன்னிக்கும் டிஃபால்ட்டா ஆன்ல கிடக்கு.

அதனால விண்டோவை மூடாதீங்க, கண்ட்ரோல் கியூ அடிங்க போதும். ஆனா உறைஞ்சிருக்கும்போது எதையும் தட்டாதீங்க, தயவுசெஞ்சு. நிக்கறது அவுட்புட் மட்டும்தான், நீங்க அடிச்சதெல்லாம் வரிசைல காத்திருக்கும், எண்டர் தட்டியிருந்தா கியூ அடிச்சதும் அதுவும் சேர்ந்து ஓடிரும்.

நிரந்தரமா தீர எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஆன்னு ஒரு வரியை டாட் பாஷ்ஆர்சில (பாஷ் ஆரம்பிக்கும்போது படிக்கிற செட்டிங்ஸ் ஃபைல்) போடுங்க. அதை இன்டராக்டிவ் ஷெல்லா, அதாவது நீங்க நேரா உக்காந்து கமாண்ட் அடிக்கிற ஷெல்லா இருந்தா மட்டும் ஓடற மாதிரி போடணும், டாலர் மைனஸ்ங்கற வேரியபிள்ல ஐ இருக்கான்னு பார்த்துட்டு. இல்லன்னா டெர்மினல் இல்லாம பாஷ்ஆர்சியை படிக்கிற இடத்துல, உதாரணத்துக்கு எஸ்சிபில ஃபைல் அனுப்பும்போது, இது டெர்மினலே இல்லன்னு எஸ்டிடிஒய் எரர் கொட்டும்.

வரிவேட்டை:

மத்த ரெண்டுக்கு நான் சொல்றேன். டிமக்ஸ் உள்ள ஓடற ஷெல் எல்லாம் நீங்க இன்புட்ஆர்சி எழுதறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதா இருக்கும்னு நினைக்கிறேன். ரீட்லைன் அந்த ஃபைலை ஷெல் ஆரம்பிக்கும்போது ஒரு தடவைதான் படிக்கும், டிமக்ஸ் செஷன் வாரக்கணக்குல உயிரோட இருக்கறதால உள்ள இருக்கற பாஷுக்கு புது செட்டிங்ஸ் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பேன்லயும் (டிமக்ஸ் திரையைப் பிரிச்ச ஒவ்வொரு பகுதி) கண்ட்ரோல் எக்ஸ், அப்புறம் கண்ட்ரோல் ஆர் அடிங்க, திரும்பப் படிச்சுக்கும். ஏறுச்சான்னு பார்க்க பைண்ட் மைனஸ் கியூ போட்டு பக்கத்துல ஹிஸ்டரி-சர்ச்-பேக்வேர்ட் கொடுங்க, எந்த கீல கட்டியிருக்குன்னு சொல்லும்.

அப்பவும் வரலன்னா கண்ட்ரோல் வி அடிச்சுட்டு மேல் அம்பைத் தட்டுங்க. கீ என்ன அனுப்புதோ அது அப்படியே திரைல விழும். எஸ்கேப்புக்கு அப்புறம் சதுர அடைப்பும் ஏ-வும் வந்தா சாதா மோட், பெரிய ஓ-வும் ஏ-வும் வந்தா அப்ளிகேஷன் மோட். ரெண்டுக்கும் தனித்தனி வரி எழுதி வெச்சுடுங்க, எங்க போனாலும் வேலை செய்யும். அந்த வரில கீக்கும் கோலனுக்கும் நடுவுல ஸ்பேஸ் விடக்கூடாது, அப்புறம் எங்கிருந்தாவது காப்பி பண்ணியிருந்தா மேற்கோள் குறி வளைஞ்ச வகையா இருக்கான்னு பாருங்க, நேர் குறிதான் வேணும்.

பழைய சர்வர்ல நடந்தது இதுதான்: உங்க ஹோம்ல இன்புட்ஆர்சி இருந்தா ரீட்லைன் அதோட நிறுத்திக்கும், ஈடிசி டைரக்டரில இருக்கற பொது இன்புட்ஆர்சியைத் தொடாது. வார்த்தை தாவுற பைண்டிங் (கீயை ஒரு வேலையோட கட்டற வரி) அந்தப் பொது ஃபைல்லதான் இருந்திருக்கும். உங்க ஃபைலோட முதல் வரியா டாலர் இன்க்ளூட் போட்டு பக்கத்துல ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் இன்புட்ஆர்சினு பாத் கொடுங்க, திரும்பி வந்துரும். புது ரீட்லைன்ல அந்த பைண்டிங் உள்ளயே இருக்கு, அதான் உங்க லேப்டாப்ல ஒண்ணும் தெரியல.

இன்னொண்ணு, ஜிடிபி (ப்ரோக்ராம்ல பிழை தேடற கருவி) மாதிரி ரீட்லைன் பயன்படுத்தற மத்த ப்ரோக்ராம்களும் இதே ஃபைலைத்தான் படிக்கும், அங்கயும் மேல் அம்பு தேடும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான்.

செவ்வெறும்பு:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், நான் மேக்ல இஸட்ஷெல், பாஷ் மாதிரி இன்னொரு ஷெல். இதே இன்புட்ஆர்சி போட்டேன், ஒண்ணுமே ஆகல. போதாததுக்கு நல்லா வேலை செஞ்சுட்டிருந்த கண்ட்ரோல் ஆரும் திடீர்னு நின்னுபோச்சு, அடிச்சா ஒரு மாற்றமும் இல்ல.

வரிவேட்டை:

@செவ்வெறும்பு இஸட்ஷெல் ரீட்லைனை பயன்படுத்தறதே இல்ல, அதுக்கு இஸட்எல்இனு சொந்த எடிட்டர் இருக்கு, அதனால இன்புட்ஆர்சி அங்க செல்லாது. டாட் இஸட்எஸ்எச்ஆர்சில (இஸட்ஷெல்லோட செட்டிங்ஸ் ஃபைல்) பைண்ட்கீ போட்டு மேல் அம்பை ஹிஸ்டரி-பிகினிங்-சர்ச்-பேக்வேர்டுக்கு கட்டுங்க. கண்ட்ரோல் ஆர் நின்னதுக்கு, சமீபத்துல எடிட்டர் வேரியபிளை விம்னு (விஐ வகை டெக்ஸ்ட் எடிட்டர்) மாத்தினீங்களா? எடிட்டர் அல்லது விஷுவல் வேரியபிள்ல விஐங்கற எழுத்துக்கள் இருந்தா இஸட்ஷெல் தானாவே விஐ மோடுக்குப் போயிடும், அங்க கண்ட்ரோல் ஆர் வரியைத் திரும்ப வரையும், தேடாது. பைண்ட்கீ மைனஸ் ஈ போடுங்க, ஈமேக்ஸ் மோட் வந்துரும். அந்த வரி மத்த பைண்ட்கீ வரிகளுக்கு மேல இருக்கணும்.

செவ்வெறும்பு:

ஆமாங்க, விம்தான். சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி.

அம்புக்குறி:

கண்ட்ரோல் எக்ஸ் கண்ட்ரோல் ஆர் அடிச்சதும் டிமக்ஸ்ல வேலை செய்யுது, சர்வர்லயும் இன்க்ளூட் போட்டு சரியாயிடுச்சு. ரெண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம், ஒரு பேன்ல அடிச்ச கமாண்ட் இன்னொரு பேன்ல தேடினா கிடைக்கல, சிலது மறுநாள் எங்கயுமே இல்ல.

கருந்திரை:

ஒவ்வொரு பாஷும் தன் ஹிஸ்டரியை மெமரில வெச்சிருந்து மூடும்போதுதான் ஃபைல்ல எழுதும், ஹிஸ்ட்அப்பெண்ட் (பழசோட கடைசில சேர்க்கச் சொல்ற ஆப்ஷன்) ஆன்ல இல்லன்னா ஃபைலையே மாத்தி எழுதிரும், கடைசியா மூடினது ஜெயிக்கும். ஷாப்ட் மைனஸ் எஸ் ஹிஸ்ட்அப்பெண்ட் போடுங்க, ப்ராம்ப்ட் கமாண்ட்ல (ஒவ்வொரு தடவை ப்ராம்ப்ட் வர்றதுக்கு முன்னாடியும் ஓட வேண்டியதை வெச்சிருக்கிற வேரியபிள்) ஹிஸ்டரி மைனஸ் ஏ சேருங்க, ஒவ்வொரு கமாண்டும் உடனே ஃபைலுக்குப் போயிடும். பக்கத்து பேன்ல அடிச்சது இங்க வேணும்னா ஹிஸ்டரி மைனஸ் என். அதை ப்ராம்ப்ட்லயே சேர்க்கறவங்களும் இருக்காங்க, எனக்கு ஒத்துவராது, மேல் அம்பைத் தட்டினா இன்னொரு பேன்ல ஓட்டின டெலீட் கமாண்ட் முன்னாடி வந்து நிக்கும்.

ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் (மெமரிலயும் ஃபைல்லயும் எத்தனை வெச்சுக்கறதுன்னு சொல்ற வேரியபிள்கள்) ரெண்டையும் பெருசாக்குங்க, டிஃபால்ட் 500 ரொம்ப கம்மி, பாஷ் 4.3ல இருந்து மைனஸ் 1 கொடுத்தா எல்லையே இல்ல. கூடவே ஹிஸ்ட்ஃபைல் வேரியபிள்ல ஹிஸ்டரி எழுதற ஃபைலுக்கு வேற பேர் கொடுங்க, ஏன்னா பாஷ்ஆர்சியை படிக்காம திறக்கிற ஏதாவது ஒரு ஷெல் டிஃபால்ட் ஃபைலை 500 வரிக்கு வெட்டிரும், பேர் வேறயா இருந்தா அது கைக்கு எட்டாது. ஏற்கனவே இருக்கற பாஷ் ஹிஸ்டரி ஃபைலை புதுப் பேர்ல காப்பி பண்ணிட்டு அப்புறம் மாத்துங்க, இருக்கறதும் கூடவே வரட்டும்.