ஒரு கையால் திறக்கும் கத்தி: வேலைக்கா, எடுப்புக்கா?

ஏணிக்காரன்:
நான் ஏ.சி. பொருத்துகிறவன். போன கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு மாடிவீடு. ஏணியில் நின்று ஒரு கையால் செப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் மடக்குக் கத்தியைத் திறக்கப் பார்த்தேன். நகம் மாட்டுகிற பள்ளத்தில் வியர்வைக் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தேன். சிரிக்காதீர்கள்.

அடுத்தது ஒரு கையால் திறக்கிற மல்டிடூல்தான், அதாவது குறடு, கத்தி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவி, என்று முடிவெடுத்துவிட்டேன். லெதர்மன் வேவ் மாதிரி ஒன்று. 1998இல் அது வந்தபோது, குறட்டை விரிக்காமலேயே வெளிப்பக்கத்திலிருந்து கத்தியைக் கட்டைவிரலால் திறக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். இதை வேண்டாம் என்று சொல்ல யாரிடமாவது காரணம் உண்டா?

பழைய பேனாக்கத்தி:
உண்டு தம்பி. என்னிடம் இருப்பது 91 மில்லிமீற்றர் நீள விக்டோரினொக்ஸ் சுவிஸ் கத்தி. இருபது வருசமாகச் சட்டைப்பையில் கிடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுப்பேன், அதில் எட்டுத் தரம் கத்தரிக்கோலுக்கும் ஸ்குரூ டிரைவருக்கும்தான். உங்கள் வேவ் 240 கிராம் அளவில் வரும். இடுப்பில் கட்டிய சாரத்தில் செருகிப் பாருங்கள், சாரமே கழன்றுவிடும்.

இன்னொன்று. கட்டைவிரலுக்கு ஓட்டை வேண்டுமென்றால் கத்தி பிடியைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். சுவிஸ் ராணுவம் 2008இல் ஒரு கையால் திறக்கும் கத்திக்கு மாறியது, 111 மில்லிமீற்றர். மரம் அறுக்கும் வாள் இருக்கிறது, ரின் திறப்பான் இருக்கிறது, கத்தரிக்கோல் இல்லை! சிப்பாய்க்கு அது சரி. எனக்கு வேண்டாம்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அண்ணை, கத்தரிக்கோல் கதையை விடுங்கள். உங்கள் கத்தியில் மடங்காமல் பூட்டுகிற லொக் இல்லை, முதுகு ஸ்பிரிங் மட்டும்தான் பிடித்து நிற்கிறது. நுனியால் எதையாவது குத்தும்போது மடங்கினால் விரலில்தான் விழும். வேவில் உள்ளே இருக்கிற தகடு கத்தியின் அடியில் வந்து முட்டி நிற்கும். லைனர் லொக் என்பது அதுதான்.

பழைய பேனாக்கத்தி:
லொக் இல்லாததால்தான் நான் குத்துகிற வேலைக்கு அதை எடுப்பதில்லை. லொக் இருக்கிறது என்ற துணிவில் அமத்துகிறவனுக்குத்தான் ஆபத்து.

இடக்கையன்:
நீங்கள் எல்லாரும் திறப்பதையே பேசுகிறீர்கள். மூடுவதை யாரும் பேசவில்லையே? என் பெருவிரலில் மூன்று தையல், திறக்கும்போது வந்ததில்லை. லைனர் லொக்கை விடுவிக்க விரலால் தகட்டைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அந்த நேரம் விரல் கத்தி வருகிற வழியிலேயே இருக்கும். பெரும்பாலான லைனர் லொக் வலக்கைப் பெருவிரலுக்கென்று அமைத்தவை, என்னைப் போன்ற இடக்கையர்கள் சுட்டுவிரலால் தடவித் தள்ள வேண்டியிருக்கிறது. ஏணியில் நிற்கிற தம்பி, ஒரு கையால் திறந்துவிடுவீர்கள், பிறகு ஒரு கையாலேயே மூட வேண்டும். அதை வீட்டில் இருந்து நூறு தரம் பழகிவிட்டு ஏறுங்கள்.

ஏணிக்காரன்:
இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் மூடாமல் அப்படியே கருவிப்பைக்குள் போடுவது இன்னும் மோசம்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அதோடு ஏணியில் உங்களுக்குக் கத்தியைவிடக் குறடுதானே கூட வேண்டும்? லெதர்மன் 2019இல் விட்ட ஃப்ரீ வகையில் காந்தம் வைத்திருக்கிறார்கள், குறடே ஒரு கையால் விரியும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அது வேறு கதை.

பழைய பேனாக்கத்தி:
விலை மட்டும் இல்லை. 2009க்கு முந்திய கொழும்பில் சோதனைச்சாவடி தாண்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பையில் கத்தி கண்டால் கேள்வி வரும். நான் கத்தரிக்கோலையும் பல்லுக்குச்சியையும் இழுத்துக் காட்டி, 'ஒஃபீஸ் சாமான்' என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். 'டக்' என்று ஒரு கையால் திறந்து காட்டியிருந்தால்? இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முன்னால் அப்படித் திறக்க எனக்குக் கை வராது. ஜெர்மனியில் இருக்கிற என் மச்சானும் இதைத்தான் சொல்கிறான். 2008இலிருந்து அங்கே ஒரு கையால் திறந்து லொக் ஆகும் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியில் கொண்டு திரியக் கூடாது. வேலைக்கென்றால் பரவாயில்லை.

ஏணிக்காரன்:
எனக்கு வேலைக்குத்தானே அண்ணை. கருவிப்பையோடு வரும், பஸ்ஸில் வெளியே எடுக்க மாட்டேன். அந்தக் காலத்துப் பயம் எனக்குத் தெரியாது, அதை லேசாக எடுக்கவும் இல்லை.

இடக்கையன்:
புறக்கோட்டையில் வாங்கப் போகிறீர்களா? அங்கே பெயரே இல்லாத நகல்கள் குவிந்து கிடக்கின்றன. கத்தியைத் திறந்து, மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்து, முதுகுப்பக்கத்தை மரப்பலகையில் மெல்லத் தட்டுங்கள். லொக் விட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

வேவின் கத்தி 420எச்சி என்ற துருப்பிடிக்காத உருக்கு. ஆனாலும் வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு நம்பிவிடாதீர்கள், திருகு பூட்டிய மூட்டில் உப்பு இறங்கும். பஞ்சும் மணலும் லொக் தகட்டுக்குள் போனால் தகடு முழுதாக வந்து முட்டாது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. மாதம் ஒருமுறை போதும்.

ஏணிக்காரன்:
சரி, சனிக்கிழமை போகிறேன். பலகைத் துண்டும் கொண்டு போவேன். பழைய பேனாக்கத்தி அண்ணை, நீங்களும் வருகிறீர்களா?

பழைய பேனாக்கத்தி:
வருகிறேன். என் கத்தரிக்கோலின் ஸ்பிரிங் போன மாதமே உடைந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது.